மார்க்கு குறைந்தால் பாரிஸ்டர் ஆக முடியாதா?

பிள்ளையை வெளிநாட்டில் சட்டம் படிக்க வைக்க ஆசைப்படும் பெற்றோர் அம்பத்தூரிலும் உண்டு. ஆவடி, பூந்தமல்லியிலும் உண்டு. "பள்ளி மார்க்கைப் பார்ப்பார்களா?" என்பதே அவர்கள் கவலை.

அது போகிற நாட்டைப் பொறுத்தது.

இங்கிலாந்தில் பள்ளி முடிந்ததும் சட்டம் படிக்கலாம். ஆகவே, 12-ம் வகுப்பு மார்க்கைக் கட்டாயம் பார்ப்பார்கள். ஆக்ஸ்போர்டு போன்ற சில இடங்களில் தனியாக நுழைவுத் தேர்வும் உண்டு.

அமெரிக்காவில் முதலில் ஒரு பட்டம் பெற வேண்டும். பிறகுதான் சட்டக் கல்லூரி. அங்கே பட்டப் படிப்பின் மார்க்கும் நுழைவுத் தேர்வுமே முக்கியம்.

காந்தியடிகள் 1887-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். வாங்கிய மார்க்கு நூற்றுக்கு 40 கூட இல்லை! 1888-ல் லண்டன் போனார். அங்கே எழுதிய மெட்ரிகுலேஷனில் லத்தீன் பாடத்தில் தவறினார். மறுபடி எழுதித் தேறினார். 1891-ல் பாரிஸ்டர் ஆனார்.

அது அந்தக் காலம். இன்று போட்டி அதிகம். ஆனால், விடாமுயற்சி அன்றும் இன்றும் ஒன்றுதான்.

பெற்றோர்களே! "மார்க்கு வேண்டாம், பணம் போதும்" என்பவரை நம்பி வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள். வெளிநாட்டுப் பட்டத்தை இந்திய பார் கவுன்சில் ஒப்புக்கொள்ள வேண்டும். அது நடத்தும் தகுதித் தேர்விலும் தேற வேண்டும். அப்போதுதான் இங்கே வக்கீலாகப் பதிவு செய்ய முடியும்.

திருவள்ளூர் மாவட்டம் பட்டரைப்பெரும்புதூரிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்துவிட்டு, மேற்படிப்புக்கு வெளிநாடு போகலாம். அப்போது சட்டப் படிப்பில் வாங்கிய மார்க்கே பெரிதாகப் பேசும்.

மார்க்கு குறைந்த பிள்ளையைத் திட்டாதீர்கள். முதலில் விசாரியுங்கள். பிறகு பணம் கட்டுங்கள்.