240 நாளும் ஓராண்டுதான்

நாள்காட்டியில் ஓராண்டு என்பது 365 நாள். தொழிலாளர் சட்டத்தில் 240 நாளே ஓராண்டு. பன்னிரண்டு மாதத்துக்குள் 240 நாள் வேலை பார்த்தவர் ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியதாகவே கருதப்பட வேண்டும் என்றது தொழில் தகராறு சட்டம். 1972இல் வந்த பணிக்கொடைச் சட்டமும் அதே வழியில் சென்றது. நிலத்தடிச் சுரங்கத்திலும், வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் நிறுவனங்களிலும் 190 நாள் போதும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த எண்கள் அப்படியே இருக்கின்றன.

உழைப்பவரின் பணம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்க வேண்டும். ஒரு நாள் சம்பளம் எவ்வளவு என்று பார்க்க மாதச் சம்பளத்தை 26ஆல் வகுப்பார்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26,000 ரூபாய் வாங்குபவருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய். பணிக்கொடை பெறப் பொதுவாகத் தேவைப்படும் ஐந்தாண்டுக்கு 75,000 ரூபாய். நான்கு ஆண்டு முடித்து, ஐந்தாம் ஆண்டில் 240 நாளைத் தொட்டவருக்கும் இந்தத் தொகை உண்டு என்பது மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1998இல் சொன்ன தீர்ப்பு. ஆனாலும், ‘அஞ்சு வருஷம் முடியலையே’ என்று கைவிரிக்கும் நிர்வாகங்கள் இன்றும் இருக்கின்றன. கேட்கத் தெரியாதவர் வெறுங்கையோடு வீடு திரும்புகிறார்.

ஞாயிற்றுக்கிழமை கணக்கில் சேருமா? சம்பளத்துடன் கூடிய ஞாயிறும் விடுமுறையும் வேலை செய்த நாள்களே என்று அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி ஊழியர் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மாதச் சம்பளக்காரருக்கு இதனால் எட்டே மாதத்தில் 240 நாள் நிறைந்துவிடும். ஞாயிற்றுக்குக் கூலி இல்லாத தினக்கூலித் தொழிலாளிக்கு வாரம் ஆறு நாள் வீதம் 40 வாரம், அதாவது 280 நாள் ஆகும். இருவரும் ஒரே பட்டறையில், ஒரே இயந்திரத்தில் நிற்பவர்களாக இருக்கலாம். குறைவாகச் சம்பாதிப்பவருக்கே ஆண்டு நீள்கிறது. இது நியாயமே இல்லை.

தமிழ்நாட்டுக்கென்று தனிச் சட்டமும் உண்டு. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது 1981ஆம் ஆண்டுச் சட்டம். சராசரியாக மாதம் 20 நாள். உடல்நலக் குறைவோ, அனுமதி பெற்ற விடுப்போ, விபத்தோ இடையில் வந்தாலும் தொடர்ச்சி அறுந்ததாகாது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அது பெரிய குறை. மற்ற தொழில்களில் 480ஐ நெருங்கும்போது, ‘கொஞ்ச நாள் வீட்ல இருங்க, கூப்பிடுறோம்’ என்று அனுப்பிவிட்டு, பிறகு புதிய ஆளாகச் சேர்த்துக்கொள்வதும் நடக்கிறது. ஒப்பந்ததாரரின் பெயர் மாறும். ஆளும் வேலையும் மாறுவதில்லை.

வழக்கு என்று போனால் அடுத்த சிக்கல் வருகிறது. 240 நாள் வேலை பார்த்ததை நிரூபிக்க வேண்டியவர் தொழிலாளிதான். அவருடைய வாக்குமூலம் மட்டும் போதாது என்று 2002இல் ஹடிமானி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. வருகைப் பதிவேடோ நிர்வாகத்தின் அலமாரியில் இருக்கிறது. தினக்கூலிகளிடம் நியமனக் கடிதமோ சம்பளச் சீட்டோ இருப்பதில்லை என்பதையும், பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி அவர்கள் கேட்கலாம் என்பதையும் 2005இல் யெல்லட்டி வழக்கில் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த இடத்துக்கு வருவதற்குள் தொழிலாளிக்குப் பல வருடங்கள் போய்விடுகின்றன.

இதற்குப் பெரிய செலவில்லாத தீர்வு இருக்கிறது. அந்த மாதம் வேலை செய்த நாள்களோடு, சேர்ந்த நாளிலிருந்து வரும் மொத்த நாள்களையும் ஒவ்வொரு சம்பளச் சீட்டிலும் அச்சிட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு விதி செய்ய வேண்டும். தினக்கூலிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதே சீட்டு கிடைக்க வேண்டும். அதுவரை, வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவுகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். வேலைக்குப் போன நாள்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.