மூலிகைத் தண்ணீரை நம்பி ஆயிரம் படி இறங்காதீர்கள்!

கொல்லிமலைக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிட்டீர்களா? ரொம்ப நல்லது. நாமக்கல் பக்கத்திலேயே இப்படி ஒரு காடும் அருவியும் இருக்கும்போது பிள்ளைகள் பார்க்க வேண்டாமா? ஆனால் ஒரு கேள்வி. வயதான அப்பா, அம்மாவைக் காரில் ஏற்றும்போது, 'ஆகாய கங்கையில் ஒரு குளியல் போட்டால் மூட்டுவலியெல்லாம் பறந்து போயிடும்' என்று சொல்லித்தானே ஏற்றுகிறீர்கள்?

அதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சித்தர்கள் வாழ்ந்ததாகச் சொல்லும் மலை, அதைப் பற்றி ஒரு சித்த வைத்தியரே இப்படிப் பேசலாமா என்று கோபிக்காதீர்கள். சித்த வைத்தியம் படித்ததால்தான் பேசுகிறேன்.

இருமலுக்கு ஆடாதோடை நல்லது. அதை எப்படிக் கொடுக்கிறோம்? இலையை அளந்து போட்டு, தண்ணீர் விட்டு, நாலில் ஒரு பங்காக வற்ற வைத்துக் குடிநீராகக் கொடுக்கிறோம். அதற்கு வேளை உண்டு, அளவு உண்டு, பத்தியம் உண்டு. ஆடாதோடைச் செடி மேல் பெய்த மழை ஓடி வந்தால் கஷாயம் ஆகிவிடுமா? அப்படியென்றால் நாங்கள் வருஷக்கணக்கில் காலேஜில் உட்கார்ந்திருக்கவே வேண்டாமே! அருவியில் விழுவது ஐயாற்றுத் தண்ணீர். மலைமேல் ஊர்களும் வயல்களும் ஆடுமாடுகளும் உண்டு. தாராளமாகக் குளிக்கலாம். 'மூலிகைத் தீர்த்தம்' என்று பாட்டிலில் பிடித்துக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது அந்தப் படிகள். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து அருவிக்கு ஆயிரத்துக்கும் மேலே! ஒரு படி அரையடி என்று வைத்தால்கூட 500 அடி. லிஃப்ட் இல்லாத ஐம்பது மாடிக் கட்டடம் மாதிரி. மற்ற மலைகளில் முதலில் ஏறுவோம். முடியவில்லை என்றால் பாதியில் திரும்பிவிடலாம். இங்கே தலைகீழ். இறங்கும்போது முழங்கால் மட்டும் கொஞ்சம் முணுமுணுக்கும், மூச்சு வாங்காது. வியர்வையோடு போய்ச் சில்லென்ற தண்ணீரில் தலையைக் கொடுத்தால் ரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்கும், பிரஷர் ஏறும். அதற்கப்புறம்தான் ஐம்பது மாடி ஏற வேண்டும். கீழே ஒருவருக்கு நெஞ்சை அடைத்தால் அங்கே ஆம்புலன்ஸ் வராது. ஆள்தான் தூக்கி வர வேண்டும்.

இதய நோய், அடங்காத பிரஷர், ஆஸ்துமா, தேய்ந்த முழங்கால் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அந்தப் படியில் காலே வைக்காதீர்கள். அவர்களுக்காகவே மாசிலா அருவியும் நம்ம அருவியும் இருக்கின்றன. ஆகாய கங்கை அளவுக்குப் பெயர் கிடையாது, உயரமும் கம்மி. ஆனால் பாட்டியும் பேத்தியும் சேர்ந்து நனையலாமே, அது போதாதா?

திடகாத்திரமானவர்கள் ஆகாய கங்கைக்குப் போய் வாருங்கள். காரவள்ளி வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் பூரி, பொங்கல் என்று வெளுத்துக் கட்டினால் வழியிலேயே வெளியே வந்துவிடும். இரண்டு இட்லியும் ஒரு துண்டு இஞ்சியும் போதும். கீழே போனதும் வியர்வை அடங்கும்வரை உட்காருங்கள். முதலில் கால், பிறகு உடம்பு, கடைசியில் தலை. தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில் பாறை மறைந்திருக்கும், குதிக்காதீர்கள். குழந்தை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கட்டும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், தண்ணீர் கலங்கி இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால் உடனே கரையேறுங்கள். மேலே மழை பிடித்துவிட்டது என்று அர்த்தம். சோப்பு, ஷாம்பு வேண்டவே வேண்டாம். அதே தண்ணீர்தான் கீழே புளியஞ்சோலைக்குப் போகிறது. அங்கேயும் குழந்தைகள் குளிக்கிறார்கள்.

ஏறி வந்ததும் முடவாட்டுக்கால் சூப் விற்பார்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு அது. மிளகு சீரகம் போட்டுச் சுடச்சுட ஒரு கப் குடியுங்கள், நனைந்த உடம்புக்கு இதமாக இருக்கும். ஒரு கப்பில் பத்து வருஷத்து மூட்டுவலி போகாது. கிலோ கணக்கில் வாங்கி மூட்டை கட்டாதீர்கள். வீட்டில் மருந்தாகச் சாப்பிட நினைத்தால், உங்கள் ஊர் சித்த வைத்தியரிடம் முழங்காலைக் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.