எடை மட்டும்தான் மதிப்பெண்ணா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

அறுபதைத் தாண்டியவர்கள் கடுமையான டயட் தொடங்கலாமா கூடாதா என்று நம் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் பத்து நாளாக விவாதம் ஓடுகிறது. தொடங்கலாம் என்பதுதான் என் கட்சி. நானே 62 வயதில் தொடங்கியவள். 81 கிலோவில் இருந்தேன். பத்து மாதத்தில் 70 கிலோவுக்கு வந்திருக்கிறேன். ஆனால் இந்தப் பதிவை டயட் தொடங்குகிறவர்களுக்காக எழுதவில்லை. "தொடங்குங்க டீச்சர், விடாதீங்க சார்" என்று பக்கத்தில் நின்று ஊக்கப்படுத்துகிறோமே, நமக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில், "இந்த வயசுல எதுக்கு இதெல்லாம், வாய்க்கு ருசியா சாப்பிட்டுட்டுப் போவோம்" என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. லண்டனில் வில்லியம் பாண்டிங் என்று ஒருவர் இருந்தார். இறுதிச் சடங்குகள் நடத்திக் கொடுப்பது அவர் தொழில். அறுபதைத் தாண்டியபோது உடல் பருத்து, குனிந்து ஷூ கயிறு கட்ட முடியாது. மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவார். காது சரியாகக் கேட்கவில்லை என்று ஒரு மருத்துவரிடம் போனார். அந்த மருத்துவர்தான் ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் இவற்றை விடச் சொன்னார். 1862இல் தொடங்கினார். ஒரு வருடத்தில் ஏறக்குறைய 20 கிலோ குறைந்தார். தன் அனுபவத்தை 1863இல் சிறு புத்தகமாகப் போட்டார். அது பரபரப்பாகப் பேசப்பட்டது. இன்றைக்கும் ஸ்வீடன் மொழியில் டயட் இருப்பதற்கு அவர் பெயரிலிருந்து வந்த சொல்தான் வழக்கில் இருக்கிறது. மனிதர் 81 வயது வரை வாழ்ந்தார். ஆக, மாவுச்சத்தைக் குறைக்கும் டயட் நேற்று முகநூலில் பிறந்ததும் இல்லை, இளவட்டங்களுக்கு மட்டும் உரியதும் இல்லை.

ஆனால் பாண்டிங் கதையில் நாம் கவனிக்காமல் விடும் கணக்கு ஒன்று உண்டு. வருடத்துக்கு 20 கிலோ என்றால் வாரத்துக்கு 400 கிராம்கூட முழுசாக வரவில்லை. நம் குழுவில் ஒரு வாரத்துக்கு 400 கிராம் என்று யாராவது போட்டால் என்ன நடக்கிறது? இரண்டு கட்டைவிரல், அவ்வளவுதான். இரண்டு கிலோ என்று போட்டவருக்குப் பூங்கொத்து, கைதட்டல், "சூப்பர் சார்". இங்கேதான் எனக்கு மாற்றுக் கருத்து.

34 வருடம் சாக்பீஸ் பிடித்தவள் நான். மதிப்பெண்ணை மட்டும் கொண்டாடினால் வகுப்பில் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும். பிள்ளை பாடத்தை விட்டுவிடும், மதிப்பெண்ணைப் பிடித்துக்கொள்ளும். மனப்பாடம் செய்யும், பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்கும், குறைந்த நாளில் வீட்டில் கையெழுத்து வாங்காமல் ஒளித்து வைக்கும். எடை விஷயத்திலும் நாம் அதையேதான் வளர்க்கிறோம். எடை போடும் நாளுக்கு முந்தின ராத்திரி பட்டினி கிடப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். தண்ணீர் குடிக்காமல் மிஷின் மேல் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். இது குறைப்பு இல்லை, காப்பி அடிப்பது.

அறுபதுக்கு மேல் எடை மிஷின் சொல்லாத ஒன்று உண்டு. குறைந்த கிலோவில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று அது சொல்லாது. 2011இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன, உடல் பருமன் உள்ள 107 பேரை ஒரு வருடம் கவனித்தார்கள். டயட் மட்டும் இருந்தவர்களும், டயட்டோடு உடற்பயிற்சியும் செய்தவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவு எடைதான் குறைந்தார்கள். ஆனால் டயட் மட்டும் இருந்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான உடல் எடை 5 சதவீதம் போயிற்று. பயிற்சியும் செய்தவர்களுக்கு 3 சதவீதம். இடுப்பெலும்பின் அடர்த்தி முன்னவர்களுக்கு 2.6 சதவீதம் குறைந்தது, பின்னவர்களுக்கு 1.1 சதவீதம்தான். நடக்க, எழ, படியேற எனப் பார்த்ததில் இரண்டும் சேர்த்துச் செய்தவர்களே முன்னால் நின்றார்கள்.

நம் வயதில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தால் அதன் பிறகு வாழ்க்கை என்ன ஆகிறது என்று ஒவ்வொரு தெருவிலும் பார்க்கிறோம். அந்த இடுப்பைத் தேய்த்துக்கொண்டு ஐந்து கிலோ குறைவதற்குப் பூங்கொத்து கொடுக்கலாமா?

அதனால் நான் இரண்டு கணக்கு வைத்திருக்கிறேன். ஒன்று எடை, மாதம் ஒரு முறை. இரண்டாவது, நாற்காலியில் கை ஊன்றாமல் அரை நிமிடத்தில் எத்தனை தடவை உட்கார்ந்து எழுகிறேன் என்பது. தொடங்கும்போது 7. இப்போது 13. வாரம் மூன்று நாள் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலை இரண்டு கையிலும் தூக்கி இறக்குகிறேன். என் பேத்தி சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

அடுத்தது மாத்திரை. இதை யாரும் குழுவில் பேசுவதே இல்லை. நம் வயதில் மாத்திரை டப்பா இல்லாத வீடு அபூர்வம். சாப்பாட்டைப் பாதியாக்கிவிட்டு, முழுச் சாப்பாட்டுக்கு எழுதிக்கொடுத்த கிளைமிபிரைடு மாத்திரையையோ இன்சுலினையோ அதே அளவில் எடுத்தால் சர்க்கரை தாழ்நிலைக்குப் போய் மயக்கம் வரும். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் புது வகை மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே மாவுச்சத்தை அறவே நிறுத்தினால் ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறும் ஆபத்து உண்டு. மீட்டரில் சர்க்கரை பெரிதாகக் காட்டாமலேயே அது நடக்கலாம். எடை குறையக் குறைய ரத்த அழுத்தமும் இறங்கும். பழைய அளவு மாத்திரை அப்படியே தொடர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் முட்டையும் கறியும் இஷ்டத்துக்குக் கூட்டக் கூடாது. நான் அரிசியைக் குறைப்பதற்கு முன்பே டாக்டரிடம் போனேன். அவர் ஒரு மாத்திரையைப் பாதியாக்கினார், மூன்றாம் மாதம் இன்னொன்றை நிறுத்தினார். மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் தவறு, தானாகத் தொடர்வதும் தவறு. "அரிசியை விடுங்க" என்று சொல்லும் வாய், "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று முதலில் கேட்க வேண்டும்.

சமையலறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு சார் டயட் இருக்கிறார். காலையில் பாதாம், மதியம் காய்கறியும் முட்டையும், ராத்திரி பனீர். தட்டைப் படம் பிடித்துப் போடுகிறார். எல்லோரும் பாராட்டுகிறோம். வீட்டில் மற்றவர்களுக்குச் சோறு குழம்பு, சாருக்குத் தனிச் சமையல் என்று இரண்டு முறை அடுப்பேற்றுவது யார்? அந்த அம்மாவுக்கும் 60 வயது, அவருக்கும் முழங்கால் வலி. ஊக்கம் என்று நாம் எழுதும் ஒவ்வொரு வரியும் அவர் தலையில் இன்னொரு பாத்திரமாக இறங்குகிறது. சார்களே, காய் நறுக்கவாவது பழகுங்கள். முட்டை வேகவைக்க ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் தேவையில்லை.

செலவும் இருக்கிறது. தினமும் நூறு பாதாம் எல்லா ஓய்வூதியத்துக்கும் கட்டுப்படியாகாது. குடும்ப ஓய்வூதியத்தில் இருக்கும் அக்காக்களும் குழுவில் இருக்கிறார்கள். முட்டை, தயிர், கொண்டைக்கடலை, பாசிப்பயறு, கீரை, வாழைப்பூ இவற்றிலேயே என் பத்து மாதம் ஓடியது. ஒரு முட்டையில் 6 கிராம் அளவு புரதம் இருக்கிறது. கேழ்வரகுக்கு மாறிவிட்டேன், இனி எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் அதிகம், உண்மை. ஆனால் அதிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான். அளவு அதற்கும் உண்டு. வள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரம் வைத்துவிட்டு, அதில் பெரும்பாலும் சாப்பாட்டின் அளவைப் பற்றித்தான் பேசியிருக்கிறார் என்பதை வகுப்பில் நடத்திய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது, இந்தப் பதிவை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

என் உயரம் 154 செ.மீ. ஆசியர்களுக்கான உடல் நிறை அளவில் 23க்குள் இருப்பதே சரி என்கிறார்கள். அந்தக் கணக்கில் நான் 54 கிலோவுக்கு வர வேண்டும். "இன்னும் 16 கிலோ இருக்கு டீச்சர், விடாதீங்க" என்று நாலு பேர் எழுதினார்கள். அன்புக்கு நன்றி. நான் விடுகிறேன். அதாவது, இறங்குவதை விடுகிறேன். இருக்கும் இடத்தைக் காப்பாற்றுவதை விடமாட்டேன். உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நல்ல பலன் உண்டு. எனக்கு அதற்கு மேலேயே குறைந்திருக்கிறது. மாத்திரை குறைந்திருக்கிறது. கோயில் படி ஏறுகிறேன். 63 வயதில் 25 வயது உடம்பைத் திரும்ப வாங்கி நான் என்ன செய்யப் போகிறேன்? என் டாக்டரும் இதையே சொன்னார். குழுவுக்குத்தான் ஏமாற்றம். அது பரவாயில்லை.

பரவாயில்லை என்று என்னால் விட முடியாதது வேறு. நம்மோடு தொடங்கிய ஒரு டீச்சர் முதல் ஐந்து மாதம் எல்லோரையும் விட வேகமாகக் குறைந்தார். தினமும் அவரைத்தான் உதாரணம் காட்டினோம். பிறகு வீட்டில் ஒரு கல்யாணம், அடுத்து மாமியாருக்கு உடம்பு முடியாமல் போய் ஆஸ்பத்திரி அலைச்சல். எடை திரும்ப ஏறியது. பொங்கலுக்கு மறுவாரம் சத்தமில்லாமல் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். எத்தனை பேர் அவருக்குப் போன் செய்தோம்? "குறைந்த எடை போட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஏறிய எடையை எப்படி டீச்சர் போடுறது" என்றார் என்னிடம். தேர்வில் தவறிய பிள்ளை பள்ளிக்கு வர வெட்கப்படுமே, அதே குரல்.

அந்தப் பிள்ளையின் வீடு தேடிப் போனவர்கள் நாம். இடைநின்றவர்களைக் கூட்டிவர வெயிலில் தெருத்தெருவாக அலைந்தவர்கள். ஜெயிக்கிறவரைக் கைதட்டத் தெரிந்து, சறுக்கியவரைக் கூப்பிடத் தெரியாவிட்டால் அதற்குப் பெயர் ஊக்கம் இல்லை, வேடிக்கை.

அதனால் குழுவுக்கு என் கோரிக்கை மூன்று. வாராந்திர எடைப் பட்டியலை நிறுத்துவோம். புதிதாகத் தொடங்குகிறவரிடம் மாத்திரையைப் பற்றியும், வீட்டில் யார் சமைக்கிறார் என்பதைப் பற்றியும் முதலில் கேட்போம். இரண்டு வாரம் சத்தம் இல்லாதவருக்கு யாராவது ஒருவர் போன் செய்வோம், எடை கேட்க அல்ல, நலம் கேட்க.

கருத்து வேறுபாடு இருந்தால் தாராளமாக எழுதுங்கள். திருத்தித்தான் பழக்கம் நமக்கு.

அந்த டீச்சரும் இதைப் படிப்பார் என்று தெரியும். டீச்சர், உங்கள் எடை எங்களுக்கு வேண்டாம். மாமியார் எப்படி இருக்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடக்கப் போகும்போது உங்கள் தெரு வழியாகத்தான் வருவேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நில்லுங்கள்.