அகன்ற டயருக்கு ஏற்ற கேரியர்

நம் பிள்ளைகள் இக்காலத்தில் விரும்பி வாங்கும் தடித்த டயர் சைக்கிள்களில் டயரின் அகலம் ஏறக்குறைய 4 அங்குலம். நம் தந்தையார் ஓட்டிய வண்டியிலோ 1½ அங்குலமே. இவ்வேற்றுமையை மறந்து, பரணில் கிடந்த பழைய கேரியரை என் மகனின் வண்டியில் பூட்டினேன். அதன் கால்களை வலிந்து விரித்துத் திருகியதும் சரியாகவே தோன்றிற்று. கரோல் பாகிலிருந்து 10 கிலோ அரிசியுடன் அவன் திரும்புகையில் ஒரு போல்ட் தளர்ந்து, கேரியரின் கால் டயரில் உராய்ந்தது. நல்ல வேளையாக உடனே இறங்கிவிட்டான். அது ஆரக்கம்பிகளுக்கிடையே புகுந்திருந்தால் சக்கரம் சட்டென்று நின்று அவனை வீழ்த்தியிருக்கும்.

ஆகவே, அகன்ற டயருக்கென்றே செய்த கேரியரை வாங்குக. டயரில் காற்று நிரப்பிய பின்னும் இருபுறமும் ஒரு விரற்கடை இடைவெளி இருத்தல் வேண்டும். டிஸ்க் பிரேக் உள்ள இடப்புறத்தில், கேரியரின் கால் பிரேக்கில் முட்டுமாயின், இடையே சிறு குழாய்த்துண்டு வைத்து நீண்ட போல்ட் இடுக. இருக்கைத் தண்டில் மட்டும் கவ்வும் கேரியர் குறைந்த சுமையையே தாங்கும். கேரியரில் குறித்துள்ள எடையை மீறலாகாது. முதல் பயணம் முடிந்ததும் எல்லாப் போல்ட்டுகளையும் மீண்டும் முறுக்குக.

உள்ளதை வீணாக்காமை நம் குடும்பங்களின் நற்குணமே. ஆயினும் பழைய கேரியர் பழைய வண்டிக்கே உரியது.