சதுர அடி என்ன ரேட்?

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று சொல்லி வைத்தவர் நிச்சயம் கடற்கரைக்காரராக இருந்திருக்க முடியாது. இருந்திருந்தால், 'கட்டிய வீட்டைப் பத்து வருஷம் கழித்தும் பார்' என்று சேர்த்திருப்பார்!

எங்கள் வீட்டில் இப்போது இதே பேச்சுதான். அப்பா ரிட்டயர் ஆன பணம் கையில் இருக்கிறது. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஐந்து சென்ட் மனை. கடல் ஒரு கிலோமீட்டருக்குள். ராத்திரியில் அலைச் சத்தம் கேட்கும். காலையில் சைக்கிள் ஹேண்டில் பாரைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். அந்தப் பிசுபிசுப்புதான் இந்தக் கட்டுரையின் வில்லன்.

வீடு கட்ட ஆள் தேடுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "சதுர அடி என்ன ரேட்?" ஒருவர் ஒரு தொகை சொல்வார். அடுத்தவர் நூறு ரூபாய் குறைத்துச் சொல்வார். மூன்றாமவர் அதே ரேட்டில் மாடிப்படிக்கு ஸ்டீல் கைப்பிடியும் சேர்த்துத் தருவதாகச் சொல்வார். அப்பாவும் ஒரு நோட்டில் மூன்று பேருடைய ரேட்டையும் எழுதி, கடைசி ஆளுக்குக் கீழே கோடு போட்டு வைத்திருந்தார். அந்த நூறு ரூபாய் எங்கிருந்து குறைந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. சிவில் மூன்றாமாண்டு படிக்கிற நான் கேட்டேன். வீட்டில் அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'பெரிய இன்ஜினியர்'!

கேட்டதற்குக் காரணம் சித்தப்பா வீடு. அதே ஊர், அதே கடல். 2012-ல் பால் காய்ச்சிக் குடி போனார்கள். டைல்ஸ் என்ன, வாசலில் தேக்குக் கதவு என்ன, ஊரே வந்து பார்த்தது. நாலைந்து வருஷத்தில் சன்ஷேடின் அடியில் பழுப்புக் கோடு ஒன்று ஓடியது. "பெயிண்ட் சரியில்ல" என்று சொல்லி மேலே இன்னொரு கோட் அடித்தார்கள். 2021 ஐப்பசி மழையில், பின்னறைக் கூரையிலிருந்து முறம் அகலத்துக்கு ஒரு பாளம் பெயர்ந்து ஆயா படுக்கும் கட்டிலின் தலைமாட்டில் விழுந்தது. ஆயா அப்போதுதான் எழுந்து கொல்லைப்பக்கம் போயிருந்தார். அண்ணாந்து பார்த்தால் கம்பி தெரிகிறது. கம்பி என்று சொல்வதுகூடத் தப்பு, துருப்பிடித்த கயிறு. கட்டிக் கொடுத்தவரைத் தேடிப் போனால், "கடக்கரையில இதெல்லாம் சகஜம்ணே" என்றார்.

சகஜமா? இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிக்காது. சிமெண்டின் காரத்தன்மை (பி.எச். 12-க்கு மேலே) கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலத்தைப் போட்டுக் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு உள்ளே போனால் அந்தப் படலத்தை ஓட்டை போட்டுவிடும். அப்புறம் கம்பி துருவாகிறது; துரு, பழைய இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கிறது. இடம் ஏது? சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. ஆயா கட்டிலில் விழுந்தது அதுதான்.

இந்த உப்பு காற்றில் வந்து மெதுவாக உள்ளே இறங்கலாம். அல்லது நாமே முதல் நாளே கலவையில் ஊற்றிவிடலாம். நம் பக்கத்தில் பெரும்பாலும் இரண்டும் நடக்கிறது. மனையிலேயே போர் போட்டு, அந்தத் தண்ணியிலேயே கலவை, அந்தத் தண்ணியிலேயே க்யூரிங். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு. எங்கள் மனை போர் தண்ணியை ஒரு பாட்டிலில் பிடித்து வந்து, நம் லேபில் சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தேன். பியூரெட் இறங்கிக்கொண்டே இருக்கிறது, நிறம் மாறுகிற வழியைக் காணோம்! பக்கத்தில் நின்ற தோழி, "ஏண்டி, கடல்லயே மோந்துட்டு வந்தியா?" என்றாள்.

அப்பாவின் பட்டியலில் முதலில் இருந்தவர் அப்பாவின் ஸ்நேகிதர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர். நல்ல மனுஷர், முப்பது வருஷ அனுபவம். மனைக்கு வந்திருந்தபோது மெதுவாகக் கேட்டேன்: "மாமா, தண்ணி எங்கேருந்து எடுப்பீங்க?" "போர் இருக்குல்ல பாப்பா." "கவர் எவ்வளவு வைப்பீங்க மாமா?" "முக்கா இஞ்சு. எல்லாருக்கும் அதான்." "கவர் பிளாக் வாங்கணுமா?" "அதெதுக்குக் காசு? ஜல்லிய எடுத்து அடியில முட்டுக் குடுத்தாப் போச்சு." பிறகு அப்பா பக்கம் திரும்பி, "அண்ணே, பொஸ்தகம் வேற, சைட்டு வேற. பாப்பாவுக்குப் போகப் போகப் புரியும்" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார்.

முக்கால் இஞ்ச் என்பது ஏறக்குறைய 20 மில்லிமீட்டர். கடலை விட்டுத் தள்ளி, தஞ்சாவூரில் மழை படாத உள்ளறைக்கு அது போதும். கடற்காற்று நேரே படுகிற கான்கிரீட்டை அதே ஐ.எஸ். 456 'கடுமை' என்ற வகையில் வைத்து, கவர் 45 மில்லிமீட்டர், கான்கிரீட் எம்-30, ஒரு கன மீட்டருக்குச் சிமெண்ட் குறைந்தது 320 கிலோ, தண்ணீர் சிமெண்டின் எடையில் 0.45-க்கு மேல் போகக் கூடாது என்கிறது. கணக்குப் போட்டால் 50 கிலோ மூட்டைக்கு 22½ லிட்டர். எந்த சைட்டிலாவது வாளியை எண்ணி ஊற்றுகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? கலவை இளகினால் தள்ளுவது சுலபம். சாயங்காலத்துக்குள் தளம் போட்டு முடிக்க வேண்டும். ஊற்று இன்னொரு வாளி! அந்தக் கூடுதல் தண்ணீர் பிறகு காய்ந்துபோய் விட்டுச் செல்லும் நுண்துளைகள்தான் உப்புக்கு ராஜபாட்டை.

இன்னொன்று. நம்ம ஊர் 1:1½:3 கலவை எம்-20. அளவுப்பெட்டியால் அளந்து போடும் கலவை அதோடு சரி. எம்-30 வேண்டுமென்றால் டிசைன் மிக்ஸ்தான். எடை போட்டுக் கலக்க வேண்டும், அல்லது ரெடிமிக்ஸ் லாரி வர வேண்டும். இதைச் செய்யத் தெரியாதவர் கெட்டவர் இல்லை. கடற்கரையில் வீடு கட்டித் தரக் கூடாதவர், அவ்வளவுதான்.

சன்ஷேடைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் விட மனசில்லை. மூன்று இஞ்ச் கனத்தில் வெளியே நீட்டிக்கொண்டு, மழையும் உப்பும் வாங்குவது அதுதான். அதில் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது சித்தாள் மிதித்து அது கீழே இறங்கிவிடும். மேலே நிற்காத கம்பி பளுவைத் தாங்காது. கீழே இறங்கிய கம்பிக்குக் கவரும் கிடையாது. புத்தகம் சொல்லும் கவரை வைக்கப் பார்த்தால் மூன்று இஞ்ச் போதவே போதாது. "நாலரை, அஞ்சு இஞ்ச் ஆக்கணுமே?" என்று ஒரு கான்ட்ராக்டர் நம்மைத் திருப்பிக் கேட்டால் அவரை விட்டுவிடாதீர்கள், அவர் யோசிக்கிறவர்.

தப்பெல்லாம் மேஸ்திரி தலையில் என்று நான் சொல்லவில்லை. சதுர அடிக்கு நூறு ரூபாய் குறை என்று மல்லுக்கட்டியவர்கள் நாம்தானே? மார்பிளில் குறைத்தால் கண்ணுக்குத் தெரியும், கதவில் குறைத்தால் தெரியும். சிமெண்டிலும் கவரிலும் க்யூரிங்கிலும் குறைத்தால் பத்து வருஷத்துக்குத் தெரியாது. குறைத்துத் தரச் சொன்னோம், அவர் தெரியாத இடத்தில் குறைத்தார். இத்தனைக்கும் கவர் பிளாக் ஒன்றும் பெரிய விலை இல்லை. போர்ட்லேண்ட் ஸ்லாக் சிமெண்டோ, சாம்பல் கலந்த பி.பி.சி.யோ உப்பு உள்ளே இறங்குவதை நன்றாகவே தடுக்கும், விலையும் அதிகமில்லை. ஆனால் அவற்றுக்குக் குறைந்தது பத்து நாள், முடிந்தால் பதினான்கு நாள், நல்ல தண்ணீரில் க்யூரிங் வேண்டும். செலவு என்பது உண்மையில் டேங்கர் தண்ணிக்கும், ஈரச் சாக்கு போட்டுக் காத்திருக்கும் நாளுக்கும்தான்.

நம்மிடம் வழியில்லாமலும் இல்லை. கம்பி அரிப்பைத் தடுக்கும் சிமெண்ட் பூச்சு முறை ஒன்றைக் கண்டுபிடித்தது வெளிநாட்டுக்காரர் அல்ல, நம் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். நம் மாநிலத்துச் சரக்கு நம் சைட்டுக்கு வந்து சேரவில்லை! 1964 டிசம்பர் புயல் துடைத்துப்போட்ட தனுஷ்கோடியில் சர்ச்சுச் சுவர் இன்னும் நிற்பதைச் சுற்றுலா போனபோது எல்லாரும் பார்த்தோம்; பவளக் கல்லும் சுண்ணாம்பும்தான் அது. உள்ளே இரும்பு இல்லை, துருப்பிடிக்க ஒன்றுமில்லை. இரும்பை வைத்துக் கட்டுகிற நமக்குத்தான் இத்தனை பாடு.

அக்ரிமெண்டில் 'தரமான சிமெண்ட், தரமான கம்பி' என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். தரம் என்றால் என்ன என்று எந்தக் கோர்ட்டில் போய்க் காட்டுவது? கான்கிரீட் எம் எத்தனை, கவர் எத்தனை மில்லிமீட்டர், தண்ணீர் எங்கிருந்து, க்யூரிங் எத்தனை நாள் என்று எழுத வேண்டும். பணமும் பேஸ்மட்டம், லிண்டல், தளம், பூச்சு என்று வேலை முடிய முடியத் தர வேண்டும். ஒரு பங்கை ஒரு மழைக்காலம் தாண்டும்வரை நிறுத்தி வைப்பதுதான் என் கட்சி. ரெரா சட்டம் சொந்த மனையில் நாம் வைக்கிற மேஸ்திரிக்குப் பொருந்தாது. நுகர்வோர் சட்டம் பொருந்தும்: வீடு கட்டித் தருவதும் 'சேவை' என்று 1993 திருத்தத்திலேயே சேர்த்தார்கள், 2019 சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் எழுதாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு அங்கே என்ன பேசுவது? அதோடு, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் மனை இருந்தால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் வரும். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்கிறவரிடம் கூடுதல் ஜாக்கிரதை.

பட்டியலில் மூன்றாவதாக இருந்தவர் வேறு மாதிரி. வந்ததும் போர் தண்ணியை உள்ளங்கையில் வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "சார், இதுல நான் கான்கிரீட் போட மாட்டேன். டேங்கர்தான். அந்தச் செலவ யார் ஏத்துக்கறதுன்னு இப்பவே பேசிக்குவோம்" என்றார். அவர் ரேட் மாமா ரேட்டைவிட அதிகம். கைப்பிடியும் கிடையாது (அதைச் சொன்னது இரண்டாவது ஆள்). அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஸ்நேகிதரை விட்டுவிட்டு வேற்றாளுக்குக் கொடுத்தால் ஊர் என்ன பேசும் என்ற கவலை வேறு. நான் ஒன்றும் வாதாடவில்லை. "அவர் பத்து வருஷத்துக்கு முன்னால கட்டின வீட்டப் பாத்துட்டு முடிவு பண்ணுங்கப்பா. மாமா கட்டினதையும் பாப்போம்" என்றேன். ஆயா உள்ளேயிருந்து, "புள்ள சொல்றதக் கேளுடா" என்று குரல் கொடுத்தார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம். உள்ளே கான்கிரீட் விட்டுப் போயிருந்தால், தட்டும்போது பொள்ளலாகச் சத்தம் வரும். பையில் சின்ன சுத்தியல் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். அந்த வீட்டுக்காரர்கள் தட்ட விடுவார்களா என்பதுதான் தெரியவில்லை.