மருத்துவம் தவறியவர்க்கா உயிரியல்?

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் நாளில், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பல வீடுகள் இழவு வீடுகள் போலாகி விடுகின்றன. பிள்ளை தோல்வியுறவில்லை. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றிலும் சித்தியெய்திப் பல்கலைக்கழக அனுமதியும் பெற்றிருக்கின்றது. ஆயினும் கிடைத்தது மருத்துவ பீடமன்று. விஞ்ஞான பீடத்தின் உயிரியற் கற்கை. மூன்றாம் தடவையும் பரீட்சைக்குத் தோற்றுவதா, விஞ்ஞானமாணிப் பட்டத்துக்குப் பதிவதா என்று பிள்ளை திகைக்கின்றது.

தாவரவியலும் விலங்கியலும் மருத்துவம் தவறியோர்க்கு இடும் ஆறுதற் பரிசு என்னும் இக்கொள்கையை நாம் வன்மையாக மறுக்கின்றோம். சான்று வேண்டுவோர் மன்னாருக்குச் செல்க. இலங்கை மலேரியா அற்ற நாடு என 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அவ்வாண்டு முடியுமுன்னரே, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் 'அனோபிலிஸ் ஸ்ரெபென்சி' என்னும் நுளம்பு மன்னார்த் தீவில் அகப்பட்டது. அதனைப் பிடித்தது கழுத்திற் குழல் மாட்டும் கலை அன்று; கிணறு கிணறாகக் குடம்பி தேடி, அது இன்ன இனம் எனப் பிரித்தறியும் கலை. டெங்கு நுளம்பு நன்னீரில் மாத்திரமே பெருகும் என நெடுங்காலம் கருதப்பட்டது. எமது கரையோரங்களின் உவர்நீரிலும் அதன் குடம்பிகள் வளர்கின்றன என 2011இல் வெளியான ஆய்வில் யாழ்ப்பாண, கிழக்குப் பல்கலைக்கழகங்களின் விலங்கியலாளர் பங்குகொண்டனர். நோயாளியைக் குணப்படுத்தும் மருத்துவரை நாம் போற்றுகின்றோம். நோய் வருமுன் அதன் வழியை அறிபவனை ஏன் போற்றுகின்றோமில்லை?

கடலட்டைப் பண்ணைகளை எடுத்துக் கொள்வோம். பண்ணை வேலிகளால் கடற்புல் அழிகின்றது, இறால் வரத்துக் குன்றுகின்றது என்பர் ஒரு சாரார். வருவாய் பெருகுகின்றது என்பர் மறுசாரார். இருதரப்பு வாதமும் முழங்குகின்றது. நிபுணர் சாட்சிக்குரிய கூண்டு மட்டும் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கின்றது. இத்தகைய வழக்கை எந்த நீதிமன்று செம்மையாகத் தீர்க்கும்? களப்பையும் கண்டலையும் ஆண்டாண்டாக அளந்து வைத்திருப்போர் வேண்டும். அவர்களை உருவாக்குவது இக்கற்கையே.

எனினும் பெற்றோரை மட்டும் குறைகூறுதல் நீதியாகாது. அவர்களுடைய அச்சத்துக்குக் காரணமுண்டு. நான்காண்டு சிறப்புக் கற்கையை முடித்த விலங்கியற் பட்டதாரி தொழில் கேட்டு வீதியில் அமர்கின்றான்; பின்னர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்னும் பெயரில் பிரதேச செயலகமொன்றிற் கோப்புக் கட்டுகின்றான். மீன்பிடி, நீர்வளம், வனம், சுகாதாரம் ஆகிய திணைக்களங்களில் அவனது அறிவுக்குரிய பதவிகள் போதிய அளவில் இல்லை. பதவியை ஆக்காத அரசு, பட்டதாரிக்குத் திறமையில்லை எனக் கூறுவது நகைப்புக்குரியது.

மொழித் தடையொன்றும் உண்டு. பள்ளியிற் 'கலம்' என்றும் 'ஒளித்தொகுப்பு' என்றும் தமிழிற் பயின்று தெளிந்த மாணவி, பல்கலைக்கழகத்தில் முதல் விரிவுரையிலேயே அனைத்தையும் ஆங்கிலத்தில் எதிர்கொள்கின்றாள். அறிந்த பொருளே அறியாத பொருளாகி விடுகின்றது. ஊமையாகிப் பின்வரிசைக்குச் செல்லும் அவளை மந்தமானவள் என முடிவுகட்டுவோரும் உளர். ஆங்கிலம் வேண்டாம் என்பதன்று எமது வாதம். உலகின் ஆய்வேடுகளை வாசிக்க அது இன்றியமையாதது. முதலாண்டில் இருமொழிக் கலைச்சொற் கையேடும், தமிழில் ஐயந்தீர்க்கும் வகுப்பும் நடத்தப் பெரும்பொருள் தேவையில்லை. மனம் தேவை.

ஆய்வுகூடத்திற்கோ பொருளும் தேவை. களப்போரத்தில் மாணவர் தங்கி ஆயும் கள நிலையமொன்று வடக்கிலும் ஒன்று கிழக்கிலும் வேண்டும். நெடுங்கால ஆய்வுக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்கப்பட வேண்டும். மேற்கூறிய திணைக்களங்களில் உயிரியற் பட்டதாரிகளுக்கென மாவட்டந்தோறும் பதவிகள் ஆக்கப்பட வேண்டும். எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்தில் இவற்றை அமைச்சரிடம் நேரிற் கேட்பார்களாக. கேட்டவர் யார், வாளாவிருந்தவர் யார் என்பதைப் பெயர் குறித்து இப்பத்தியில் வெளியிடுவோம்.