கணினியில் இடம் கிடைக்காத பற்கள்

என் அக்கா மகளுக்கு 26 வயது. கீழ்த்தாடையின் இடப்பக்கம் பால் பல் ஒன்று இன்னும் விழவில்லை. அந்த இடத்தில் முளைக்க வேண்டிய பல் ஈறுக்குள் உருவாகவே இல்லை என்று எக்ஸ்-ரே சொல்லிவிட்டது. இது பல் மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பதுதான். வேர் கரையாமல் இருந்தால் பல ஆண்டுகள் அந்தப் பால் பல்லே உழைக்கும். அதனால் பிடுங்காமல் சொத்தையை அடைத்தார்கள்.

கையில் கொடுத்த தாளிலோ, 35-ஆம் பல்லை அடைத்ததாக இருந்தது. 35 என்பது அவளுக்கு முளைக்காத நிரந்தரப் பல்லின் எண்; வாயில் இருப்பது 75 என்ற பால் பல். கேட்டபோது, "கணினியில பெரியவங்கன்னு போட்டா 32 பல்லுதான் சார் வரும். பால் பல்லைத் தேடினாலும் கிடைக்காது" என்றார் வரவேற்பில் இருந்த பெண். மருத்துவர் மேல் குறையில்லை. குறிப்புப் பெட்டியில் எல்லாம் எழுதியிருக்கிறார். அது தாளில் அச்சாகவில்லை. நாளைக்கு வேறு ஊரில் இதே தாளை நம்பி ஒருவர் சிகிச்சை செய்தால்? போனால் திரும்ப முளைக்காத பல் அது.

நம் ஊரில் புழங்கும் இரட்டை இலக்க முறையில் நிரந்தரப் பற்களின் எண் 11-இல் தொடங்கி 48-இல் முடிகிறது. பால் பற்களுக்கு 51-இலிருந்து 85 வரை. ஆகவே எண்ணுக்குப் பஞ்சமில்லை. இரண்டையும் ஒரே வாயில் காட்டத்தான் சில மென்பொருள்கள் மறுக்கின்றன. ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் எல்லாருக்குமே இரண்டும் கலந்துதானே இருக்கிறது!

கூடுதல் பல்லின் நிலை இன்னும் மோசம். மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே முளைக்கும் மீசியோடென்ஸைப் பதியப் பல திரைகளில் கட்டமே இல்லை. அமெரிக்க முறையில் பக்கத்து நிரந்தரப் பல்லின் எண்ணோடு 50 கூட்டி, கூடுதல் பல்லுக்கு 51 முதல் 82 வரை எண் தருகிறார்கள். அங்கே 51 என்றால் மேல் வலது ஞானப்பல்லை ஒட்டிய கூடுதல் பல்; இங்கே மேல் வலது முன் பால் பல். எந்த முறை என்று எழுதாமல் வெறும் எண் மட்டும் போய்ச் சேர்ந்தால், கைவைப்பது எந்தப் பல்லில்?

உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுமான கவலையும் அல்ல இது. 2004 சுனாமிக்குப் பின் தாய்லாந்தில் உடல்களை அடையாளம் காணப் பல் பதிவேடுகள் பெரிதும் கைகொடுத்தன. விழாத பால் பல்லும் கூடுதல் பல்லும் ஒருவரைத் தனித்துக் காட்டும் அடையாளங்கள். அவற்றையா விட்டுவிடுவது?

நலத் தகவல்களை மின்னணு முறையில் பகிர்வதற்கான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021-இல் தொடங்கியது. மருத்துவப் பதிவுகள் ஊர்விட்டு ஊர் போகும் காலம் இது. மென்பொருளில் ஒவ்வொரு பல்லின் இடத்திலும் பால் பல்லா, நிரந்தரப் பல்லா என்று தனித்தனியே மாற்ற வழி வேண்டும். எந்த இரு பற்களுக்கு நடுவிலும் கூடுதல் பல்லைச் சேர்க்க முடிய வேண்டும். குறிப்புகளும் எண் முறையின் பெயரும் தாளில் அச்சாக வேண்டும். அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் மென்பொருள் வாங்கும் ஒப்பந்தப்புள்ளியிலேயே இவற்றை எழுதிவிடலாம். விற்க வருகிறவர், 75-உம் ஒரு மீசியோடென்ஸும் உள்ள பெரியவரின் வாயைத் திரையில் பதிந்து, அச்செடுத்துக் காட்டிய பிறகு கல்லூரி கையெழுத்துப் போடட்டும்.